கஞ்சா அறையில் ஒரு சருவச்சட்டி

பஸ்ரியாம்பிள்ளைக்கு மினுக்காத சாமான் கண்ணில் படக்கூடாது. கோயில் மெழுகுதிரித் தண்டாக இருக்கட்டும், கல்யாண வீட்டுக்கு இரவல் வாங்கிய செம்பாக இருக்கட்டும், கையில் எடுத்தாரென்றால் உடனே பழப்புளியும் சாம்பலும் தேடுவார். களிம்பு பிடித்த பித்தளையைக் கண்டால் அவருக்குக் கை பரபரக்கும். அது நல்ல குணம் என்றுதான் கரம்பன் ஊரில் எல்லாரும் சொன்னார்கள். அவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். எழுபத்தைந்தாம் ஆண்டு தை மாதம் வரைக்கும் அப்படி நினைப்பதற்கு ஒரு தடையும் இருக்கவில்லை.

அவருடைய தொழில் எழுத்து. வள்ளங்களுக்குப் பெயர் எழுதுவார், கடைகளுக்குப் பலகை எழுதுவார், நாட்டுக்கூத்துக்குச் சீன் கீறுவார், நத்தார்த் திருநாள் வந்தால் வேதக்கோயிலில் பாலன் குடில் கட்டுவார். இளந்தாரியாக இருந்த காலத்தில் பாத்திரங்களுக்குப் பெயரும் வெட்டினார். அப்போதெல்லாம் சீதனமாகப் போகிற பித்தளைச் சாமான் ஒவ்வொன்றிலும் பெண்ணின் பெயர் இருக்கவேண்டும். ஒரு செத்தவீட்டுக்கோ கல்யாண வீட்டுக்கோ பத்து வீட்டுச் சாமான் இரவல் போனால், திரும்பி வருகிறபோது எது யாருடையது என்று அடிபிடி வராமல் இருப்பதற்காக. சிற்றுளியும் சின்னச் சுத்தியலுமாகச் சைக்கிளில் ஊர் ஊராகப் போய், விளிம்பைச் சுற்றி முத்து முத்தாக வெட்டிக் கொடுப்பார். நீர் ஏன் கல்யாணம் முடிக்கவில்லை என்று யாராவது கேட்டால், "ஊர்ப் பொம்பிளையளின்ரை பேரெல்லாம் வெட்டி வெட்டிக் களைச்சுப்போனன்" என்பார்.

உண்மைக் காரணம் அவருடைய அக்கா மாக்கிறேற். தாய் செத்தபோது பஸ்ரியாம்பிள்ளைக்கு நாலு வயது, அக்காவுக்குப் பத்து வயது. அன்று தொடக்கம் அவருக்குச் சோறு போட்டது அந்தக் கைதான். பிறகு அவள் கிறிஸ்தோப்பர் என்ற கடற்றொழிலாளியை முடித்துப் போனாள். அந்த மனுசன் எழுவைதீவுப் பக்கம் தொழிலுக்குப் போன இடத்தில் சோளகக் காற்றில் அகப்பட்டுத் திரும்பிவரவில்லை. ஒரு றங்குப்பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்தவள், மீன் கடகத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு புளியங்கூடல், சுருவில் என்று வீட்டுப் படலை படலையாகப் போய் விற்றாள். பிள்ளை குட்டி இல்லை. இப்படிப்பட்ட அக்கா இருக்கிற குசினிக்குள் இன்னொருத்தியைக் கொண்டுவந்து விட அவருக்கு மனம் வரவில்லை. அவளும் அதைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

எழுபத்திமூன்றில் அக்காவின் நெஞ்சில் கட்டி இருப்பது தெரியவந்தது. அதற்கு முதல் ஒரு வருஷம் அதைச் சட்டைக்குள் ஒளித்துவைத்திருந்தாள், பாவி. பெரியாசுப்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லிக் குளிசை கொடுத்து அனுப்பினார்கள். குளிசை நோவுக்குக் கிட்டவும் போகவில்லை. நோ முதுகெலும்புக்குப் போய்விட்டது. பொழுதுபட்டால் தொடங்கும். கத்தமாட்டாள், பாயின் ஓரத்தைப் பிடித்துப் பன்னாடை மாதிரி கிழித்துவிடுவாள். பஸ்ரியாம்பிள்ளை அந்த மாதங்களில் மூன்று பாய் வாங்கினார்.

அப்போதுதான் புளியங்கூடலில் இருந்து அன்னபூரணம் ஆள் அனுப்பிக் கேட்டார்: மாக்கிறேற் ஏன் மீன் கொண்டு வருகிறதில்லை? விஷயம் தெரிந்ததும் வாழைச்சருகில் சுற்றி ஒரு லேகிய உருண்டை வந்தது, சாதிக்காய் அளவு. அன்னபூரணம் நாட்டு வைத்தியர் வல்லிபுரம் பரியாரியாரின் ஒரே மகள். தகப்பன் செத்த பிறகு, தெரிந்த வீடுகளுக்கு மட்டும் மருந்து கொடுத்துவந்தார். லேகியத்தில் கஞ்சா சேர்ந்திருக்கிறது என்பதை அவர் ஒளிக்கவில்லை. அந்தச் சரக்கு எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் கேட்கவும் இல்லை. நாலு பக்கமும் கடல் இருக்கிற ஊரில் அப்படியான கேள்வி கேட்பது மரியாதையும் இல்லை.

அன்றைக்கு அக்கா நித்திரை கொண்டாள். விடிந்து எழும்பி, "தம்பி, நான் என்ன செத்தே போனனான்?" என்று கேட்டாள். பஸ்ரியாம்பிள்ளை குசினிக்குள் போய் நின்று அழுதார். அதற்குப் பிறகு சனிக்கிழமை சனிக்கிழமை சைக்கிளில் புளியங்கூடல் போய் ஏழு உருண்டை வாங்கி வருவது வழக்கமாயிற்று. ஒரு வருஷத்துக்கு மேல் அது நடந்தது. அந்த ஒரு வருஷமும் புதுப் பாய் வாங்கவில்லை.

இந்த நிலையில்தான் ஆழ்வாப்பிள்ளை மாஸ்ரர் நூதனசாலைக் கதையோடு வந்தார். சுருவில் ஆள், தலைமை ஆசிரியராக இருந்து இளைப்பாறியவர், சும்மா இருக்கத் தெரியாதவர். ஊர்காவற்றுறைத் துறைமுகத்தடியில் வெறுமையாகக் கிடந்த ஒரு பழைய சரக்குக் கிட்டங்கியைச் சனசமூக நிலையத்துக்கு எடுத்து, தீவுப்பகுதியின் பழம்பொருள்களைக் காட்ட ஒரு நூதனசாலை வைக்கப்போவதாக ஒற்றைக்காலில் நின்றார். உப்புக்கு ஒரு அறை, சங்குக்கு ஒன்று, பனைக்கு ஒன்று, வள்ளத்துக்கு ஒன்று. ஐந்தாவது அறை கஞ்சாவுக்கு. பெடியள் கள்ளமாகப் பத்தத் தொடங்கிவிட்டார்கள், அதன் வரலாற்றைக் காட்டித்தான் திருத்தவேண்டும் என்பது மாஸ்ரரின் எண்ணம். கஞ்சா பிடிக்கிற மதுவரிப் பகுதியில் இருந்த ஒரு உத்தியோகத்தர், பிடிபட்ட புகைச் சுங்கான்களும் ஒரு பழைய தராசும் தருவதாகச் சொல்லியிருந்தார்.

"படம் கீறுறதும் எழுதுறதும் மட்டுமில்லை, பஸ்ரியாம்பிள்ளை. அறை முழுக்க உம்மடை பொறுப்பு. எது எங்கை இருக்கவேணும், சனம் எப்பிடிப் பாத்துக்கொண்டு போகவேணும், எல்லாம் நீர்தான் யோசிக்கவேணும்" என்று ஒரு கொப்பியைக் கையில் கொடுத்தார் மாஸ்ரர். ஆங்கிலப் புத்தகங்களைப் பார்த்து அவர் குறித்து வைத்த கஞ்சாவின் கதை அதில் இருந்தது.

பஸ்ரியாம்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. ஐம்பத்தைந்து வயது வரைக்கும் மற்றவர்கள் சொன்னதை எழுதியவரிடம், முதல்முதலாக ஒருவர் யோசிக்கச் சொல்லியிருக்கிறார். கொப்பியை அக்காவுக்கு வாசித்துக் காட்டினார். சீனத்தில் அந்தச் செடியின் நாரில் கயிறு திரித்தார்கள், கடதாசி செய்தார்கள். வடநாட்டில் சாமியார்கள் சிவனுக்குப் படைத்துக் குடித்தார்கள். ஒல்லாந்தரின் கப்பல்களுக்குப் பாயும் வடமும் அதே நாரில்தான். பிறகு வெள்ளைக்காரன் காலத்தில் சட்டம் வந்தது. "எட, வடமும் உதிலைதானோ?" என்று அக்கா ஆச்சரியப்பட்டாள். "அப்ப என்ரை மனுசன்ரை ஆக்களுக்கும் சொந்தம்தான்."

அறையை அவர் கோயில் சிலுவைப்பாதை மாதிரி யோசித்தார். வாசலில் தொடங்கிச் சுவரோரமாக ஒவ்வொரு நிலையாக நின்று நின்று பார்த்துக்கொண்டு, வந்த வாசலாலேயே வெளியேற வேண்டும். மாஸ்ரர் அதைக் கேட்டு, "சரிதான், வீதி வலம் வாற மாதிரி" என்றார். ஒருவர் சிலுவைப்பாதையையும் மற்றவர் சைவக்கோயில் வீதியையும் நினைத்துக்கொண்டார்கள். தரையில் கீறிய அம்புக்குறி இரண்டுக்கும் பொருந்தியது. முதல் நிலையில் துறைமுகத்தில் கிடந்த பழைய வடத்தைச் சுருட்டி வைத்தார். இரண்டாவதில் கப்பல் பாய். மூன்றாவதில் சடாமுடிச் சாமியாரின் படம். கடைசி நிலையில் உத்தியோகத்தர் கேட்டபடி ஒரு மண்டையோட்டுப் படம். மண்டையோட்டுக்குப் பல்லு வைத்தது கொஞ்சம் கூடிப்போய், பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வந்தது.

மருந்துக்கு மட்டும் நிலை இல்லை.

"கொப்பியில ரெண்டு வரிதான் கிடக்கு. அதை விடுவம்" என்றார் மாஸ்ரர். "மருந்தெண்டு சொன்னா, பெடியள் அதையே சாட்டாச் சொல்லுவாங்கள்."

"விட ஏலாது மாஸ்ரர்." பஸ்ரியாம்பிள்ளை மாஸ்ரரை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல்தடவை. "மண்டையோட்டை மட்டும் காட்டினா அது பொய். நான் பொய் எழுதமாட்டன்."

மாஸ்ரருக்கு மாக்கிறேற்றின் கதை தெரியாது. மனுசன் கலைஞன், பிடிவாதம் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு, "அப்ப அதுக்கொரு சாமான் தேடும்" என்று விட்டுவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை உருண்டை வாங்கப் போனபோது, பஸ்ரியாம்பிள்ளை வீட்டின் பின்கோடிப்பக்கம் கவிழ்ந்து கிடந்த பெரிய பித்தளைச் சருவச்சட்டியைக் கண்டார். பரியாரியார் காலத்தில் லேகியம் கிண்டிய சட்டி. முப்பது வருஷத்துக் கரி அதில் தோல் மாதிரிப் படிந்திருந்தது. அடியில் பழைய லேகியம் கல்லாக இறுகிப்போய்க் கிடந்தது. அன்னபூரணம் இப்போது சின்ன அலுமினியச் சட்டியில்தான் கிண்டுகிறார். பஸ்ரியாம்பிள்ளை தயங்கித் தயங்கி, அதை நூதனசாலைக்குத் தரமுடியுமா என்று கேட்டார்.

 அன்னபூரணம் உள்ளே போய் உருண்டைகளைச் சுற்றிக் கொண்டுவந்து கையில் கொடுத்த பிறகுதான் பேசினார்.

"அப்பா பதிஞ்ச பரியாரி. நான் பதியேல்லை. தெரியும்தானே உமக்கு?"

"தெரியும் அக்கா."

"என்ரை பேர் வரக்கூடாது. சட்டி எங்கயிருந்து வந்ததெண்டு மாஸ்ரருக்கும் சொல்லக்கூடாது."

"சவேரியார் ஆணை, வராது அக்கா."

"உம்மை நம்பித்தான் தாறன். மாக்கிறேற் முகத்துக்காகத் தாறன்" என்று சொல்லி, சாக்கில் போட்டுச் சைக்கிள் கரியரில் கட்டிவிட்டார். கட்டுகிறபோது சட்டியின் விளிம்பை ஒருதரம் விரலால் தடவிப் பார்த்தார். பஸ்ரியாம்பிள்ளை அதைக் கண்டார். ஆனால் அது எதற்கு என்று யோசிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கிணற்றடியில் பழப்புளி, சாம்பல், செங்கல்தூள் எல்லாம் வந்துவிட்டன. கரிச்சட்டியைக் காட்சிக்கு வைப்பது என்பது அவருடைய பிறப்பிலேயே இல்லாத காரியம். திருநாளுக்கு முதல் நாள் கோயில் சாமானை மினுக்காமல் பீடத்தில் வைக்கலாமா? அப்படித்தான் அவருக்கு. அக்காவைச் சாய்மனைக் கதிரையில் கொண்டுவந்து வேப்பமரத்தின் கீழ் இருத்திவிட்டு, வெயில் ஏறுவதற்குள் தொடங்கினார். அடியில் இறுகிக் கிடந்த லேகியத்தை அகப்பைக்காம்பால் கிளறிச் சுரண்டி, வாழையடியில் கொட்டினார். வெளிப்பக்கம் கரி கழன்று கறுப்புத் தண்ணீராக ஓடியது. மத்தியானத்துக்குச் சற்று முன்னால், விளிம்பின் கீழே மஞ்சள் துலங்கத் தொடங்கியபோது, அதோடு சேர்ந்து எழுத்தும் வந்தது.

வ. அன்னபூரணம், புளியங்கூடல், 1944.

பஸ்ரியாம்பிள்ளையின் கை நின்றுவிட்டது. அவர் வெட்டிய எழுத்து. அந்த 'ண'வின் மூன்று சுழியும் ஒரே அளவாக இருந்தது. அப்படி வெட்ட அந்தக் காலத்தில் தீவில் வேறு ஒருவருக்கும் வராது. இருபத்துநாலு வயதில், பரியாரியார் வளவில் ஒரு வாரம் இருந்து மகளின் சீதனச் சாமான் முழுவதற்கும் பெயர் வெட்டியது நினைவுக்கு வந்தது. வள்ளத்தில் எழுதியதை உப்புத்தண்ணீர் தின்றுவிட்டது. கடைப் பலகைகள் மாறிப்போயின. இது மட்டும் கரிக்குள் கிடந்து, வெட்டிய அன்றைக்கு இருந்த மாதிரியே வெளியே வந்திருக்கிறது. 

"என்னடா, பேயைக் கண்டமாதிரி நிக்கிறாய்?" என்றாள் அக்கா.

அவர் சட்டியைத் தூக்கிக் காட்டினார். அக்காவுக்கு எழுத்துப் பெரிதாகத் தெரியாது. அவர் வாசித்துச் சொன்னார்.

"ஐயோ தம்பி, அப்ப அதுக்கு மேலை கரியைப் பூசிவிடு. அந்தப் பிள்ளையின்ரை பேரெல்லே கிடக்கு."

"மினுக்கின சாமானுக்கு ஆரும் கரி பூசுவினமோ அக்கா?"

"சொல்லுறதைக் கேள். கரியைப் பூசு."

"அலங்காரம் ஒண்டு செய்தா மறைஞ்சுபோகும். நீ பயப்பிடாதை."

கோயில் வேலையில் மறைக்கவேண்டியது எதுவானாலும் கிறேப் கடதாசிதான் மருந்து. வெடித்த தூணுக்கும் அதுதான், உடைந்த பீடத்துக்கும் அதுதான். சிவப்புக் கிறேப் கடதாசியில் சுருக்கு வைத்து, விளிம்பைச் சுற்றி மாலை மாதிரி ஒட்டினார். பசைக்குக் கோதுமை மா இல்லை. பேக்கரிப் பாணுக்கே சனம் விடிய முதல் வரிசையில் நின்ற காலம் அது. மரவள்ளி மாவில் பசை காய்ச்சினார். கடதாசியை ஒட்டுமுன் எழுத்தை இன்னொருதரம் துணியால் துடைத்தார். அந்தத் துடைப்பு தேவையே இல்லை. மறைக்கப்போகிற எழுத்துக்கு எதற்கு மினுக்கம்?

திறப்பு விழா தைப்பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை காலை. கண்ணாடிக்குத் தட்டுப்பாடு என்றபடியால் சாமான்களை மேசைகளில் திறந்தபடியே வைத்திருந்தார்கள். உப்பு அறையில் நாலு பேரும் சங்கு அறையில் ஐந்து பேரும் நிற்க, ஊர் முழுவதும் கஞ்சா அறைக்குள் அடைந்து நின்றது. கடற்பக்க யன்னலால் காற்று அடித்துக்கொண்டிருந்தது. வேட்டி சால்வையோடு ஓரமாக நின்ற பஸ்ரியாம்பிள்ளை, சனம் தன்னுடைய அம்புக்குறியின்படியே சுற்றி வருவதைப் பார்த்துப் பூரித்துப்போனார். வடத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். மண்டையோட்டைப் பார்த்துச் சிரித்தார்கள். மருந்து நிலைக்கு வந்தபோது எல்லாரும் ஒருகணம் நின்றார்கள், ஏனென்றால் அந்த அறையில் மினுங்கியது அந்தச் சட்டி ஒன்றுதான்.

மாஸ்ரர் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மதுவரி உத்தியோகத்தரும் அவர்களோடு இருந்தார். அவர்கள் சட்டிக்கு முன்னால் வந்து நின்ற நேரம், காற்றில் கிறேப் கடதாசியின் ஒரு நுனி கழன்று படபடவென்று அடித்தது. பஸ்ரியாம்பிள்ளை அதைக் கண்டு முன்னால் போவதற்குள் இடையில் இருபது பேர். ஆழ்வாப்பிள்ளை மாஸ்ரர் ஒழுங்கான மனுசன்; சட்டையில் நூல் தொங்கினாலும் பொறுக்கமாட்டார். "அலங்காரம் கழண்டுபோச்சு" என்று சொல்லி, மாலை முழுவதையும் ஒரே இழுப்பில் இழுத்து எடுத்துவிட்டார்.

உத்தியோகத்தர் குனிந்தார். எழுத்து வாசிக்கச் சுகமாக இருந்தது. "வ. அன்னபூரணம், புளியங்கூடல்" என்று சத்தமாக வாசித்து, "இவ ஆர்? இருக்கிறாவோ?" என்று கேட்டார்.

"இருக்கிறா ஐயா!" மாஸ்ரருக்குச் சந்தோஷம். தன் ஊர்ப் பக்கத்துச் சங்கதியைப் பெரிய மனுசன் ஒருவர் கேட்கிறார். "வல்லிபுரம் பரியாரியாரின்ரை மகள். தகப்பன்ரை கைராசி அப்பிடியே இருக்கு. இப்பவும் சனம் மருந்துக்குப் போறது."

"அப்பிடியோ" என்றார் உத்தியோகத்தர். அவ்வளவுதான். பிறகு சட்டம் எழுதிய பலகையைப் பார்க்கப் போய்விட்டார்.  அது வேறு அன்னபூரணம் என்று பஸ்ரியாம்பிள்ளை சொல்லியிருக்கலாம். அவர் செத்துப்போனார் என்று சொல்லியிருக்கலாம். அவர் கீழே கிடந்த கடதாசி மாலையைச் சுருட்டினார். வெளியே வந்தபோது நாலைந்து பேர் கையைப் பிடித்து, "நல்ல வேலை செய்திருக்கிறீர்" என்றார்கள்.

நாலாம் நாள் புளியங்கூடலுக்கு மதுவரி ஜீப் போயிற்று. அன்னபூரணத்தின் வீட்டில் அடுக்குப்பெட்டியைக் கொட்டினார்கள், கூரை இடுக்குகளைக் கிளறினார்கள், ஒரு தகரப்பேணியை எடுத்தார்கள். ஊர் படலையடியில் கூடி நின்று பார்த்தது. பரியாரியார் மகள் அடுத்த நாளே கோடேறி, நீதவான் முன்னால் நின்று குற்றப்பணம் கட்டிவிட்டுத் திரும்பி வந்தாள் என்று பிறகு சனத்துக்கு அதே பேச்சு. வருஷக்கணக்காக அந்தக் கையால் மருந்து வாங்கித் தின்றவர்களும் சேர்ந்துதான் கதைத்தார்கள். இதை எழுதுகிற எனக்கு அந்தச் சனத்தின் மேல் இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை.

சனிக்கிழமை பஸ்ரியாம்பிள்ளை சைக்கிளை எடுத்தார். போக வெட்கம், போகாமல் இருக்கவும் ஏலாது. நோ கூடி, உருண்டை இரண்டு நாள் முந்தியே முடிந்துவிட்டது, அக்கா பாயைப் பிடிக்கத் தொடங்கிவிட்டாள். படலை கட்டியிருந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்த பிறகு அன்னபூரணம் வந்தார். படலையைத் திறக்கவில்லை. பஸ்ரியாம்பிள்ளை அந்த மணலில் முழந்தாளிட்டார்.

"எழும்பும். உது உங்கடை கோயிலில செய்யிறது. இங்கை வேண்டாம்."

"அக்கா, நான் வேணுமெண்டு செய்யேல்லை."

"தெரியும். சட்டியில பேர் கிடக்கிறதும் எனக்குத் தெரியும். கரிக்குள்ளை கிடக்குதெண்டுதான் துணிஞ்சு தந்தனான். நீர் கொண்டுபோய் மினுக்குவீர் எண்டு நான் கண்டனானே? மினுக்கினனீர், பேரைக் கண்டனீர். கண்டாப்பிறகும் வைச்சனீர். அதைத்தான் என்னாலை விளங்கேலாமல் கிடக்கு."

 அது நான் வெட்டிய எழுத்து அக்கா என்று சொல்ல நினைத்தார். அந்தச் சொல் வாய்வரைக்கும் வந்து, வெட்கத்தில் திரும்பிப் போயிற்று.

"எனக்குத் தரவேண்டாம். மாக்கிறேற்றுக்கு ஒரு உருண்டை. ஒண்டே ஒண்டு."

அன்னபூரணம் படலைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோபம் போய், முகத்தில் வேறொன்று வந்தது.

"அவங்கள் கொண்டுபோன பேணிக்குள்ளை என்ன கிடந்ததெண்டு நினைக்கிறீர்? ஏழு உருண்டை. உமக்கெண்டு சனிக்கிழமைக்கு உருட்டி வைச்சது. வேறை ஒண்டும் இல்லை என்னட்டை. இனிச் செய்யவும் மாட்டன். றோட்டாலை ஒரு வாகனச் சத்தம் கேட்டா ஓடிப்போய்ப் படலையைக் கட்டுறன். அவவுக்குச் சொல்லும், என்னை மன்னிக்கச் சொல்லி."

மன்னிப்புக் கேட்கவேண்டியவர் யார் என்று நினைத்துக்கொண்டே அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். ஏறி ஓடப் பலம் இல்லை.

வீட்டில் பொய் சொன்னார். அன்னபூரணம் அக்கா தன்ரை மகளின் பேறுகாலத்துக்கு வவுனியாவுக்குப் போய்விட்டா, வர மாதம் செல்லும் என்றார்.  கிழமைகள் போயின. பாய் கிழிந்தது, இன்னொன்று வாங்கினார், அதுவும் கிழிந்தது. ஒருநாள் வாழையடியில் நின்று மண்ணைக் கிளறிப் பார்த்தார். சட்டியில் இருந்து சுரண்டிக் கொட்டிய பழைய லேகியத்தில் ஏதாவது மிஞ்சியிருக்குமா என்று. மாரித் தண்ணீர் எல்லாவற்றையும் கொண்டுபோயிருந்தது. அன்றைக்கு அவர் தன்னை வாய்விட்டு ஏசிக்கொண்டார், பக்கத்து வளவில் கேட்கும்படியாக.

மாசி மாதம், ஒரு பின்னேரம், அக்கா கதிரையில் சாய்ந்து கிடந்தாள். உடம்பு பாதியாகிவிட்டது. "தம்பி, இங்கை வா" என்றாள். "அந்தப் பிள்ளை அன்னபூரணத்துக்குப் பொம்பிளைப் பிள்ளையே இல்லை. பேறுகாலத்துக்குப் போனவவாம். பதினைஞ்சு வருஷம் அந்தப் படலையில மீன் வித்தவளுக்கு நீ கதை சொல்லுறாய்."

பஸ்ரியாம்பிள்ளை எல்லாவற்றையும் சொன்னார். சட்டி, கடதாசி, காற்று, ஜீப், ஏழு உருண்டை. ஒன்றையும் விடவில்லை.

"நான் சொன்னனான். கரியைப் பூசு எண்டு சொன்னனான்." அவளுக்குக் கோபம் வந்தது. இருந்த கொஞ்ச மூச்சையும் அதற்கே செலவழித்தாள். "சொன்னனானோ இல்லையோ?"

"சொன்னனீ அக்கா."

"ஏன்டா கேக்கேல்லை?"

"எழுத்து மறைஞ்சுபோமெண்டு... நான் வெட்டினது அக்கா. அதாலை."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். நோவு வந்து போயிற்று. கதிரைக் கையைப் பிடித்துத் தாங்கினாள். கடைசியில் கேட்டாள்:

"வடிவா இருந்ததோ?"

"ஓம் அக்கா."

"சனம் வாசிச்சதோ?"

"வாசிச்சது."

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் இருந்தாள். அந்தப் பன்னிரண்டு நாளும் நித்திரை என்று ஒன்று அவளுக்குக் கிடைக்கவில்லை. 

செத்தவீட்டுக்கு அன்னபூரணம் வந்தார். பெண்களோடு இருந்து அழுதார். பஸ்ரியாம்பிள்ளையிடம், "சட்டி அங்கையே கிடக்கட்டும். அது வீட்டை வந்தா அவங்களும் திரும்ப வருவாங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

முப்பத்தோராம் நாள் கழிந்ததும் ஆழ்வாப்பிள்ளை மாஸ்ரர் ஆள் அனுப்பினார். தன் வாயால்தான் ஜீப் போயிற்று என்று மாஸ்ரருக்கும் உள்ளுக்குள் குத்திக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், வேலையைப் பற்றியே பேசினார். மருந்து நிலையில் விளக்க அட்டை இல்லையாம். வருகிறவர்கள் கேட்கிறார்களாம். 'பழங்கால மருந்துச் சட்டி' என்று சின்னதாக ஒன்று எழுதிவைத்தால் போதுமாம். சட்டியும் கடற்காற்றுக்கு மங்கிப்போயிற்று, ஒருக்கால் மினுக்கியும் விடவேண்டுமாம்.

பஸ்ரியாம்பிள்ளை சட்டியைத் தூக்கிக்கொண்டு கிட்டங்கியின் பின்பக்கம் போனார். காய்ந்த பனையோலையும் பனங்கொட்டை ஊமலும் சேர்த்து நெருப்பு மூட்டினார். மூன்று கல்லில் சட்டியை வைத்து, பச்சை ஓலையைச் செருகிப் புகையவிட்டு, திருப்பித் திருப்பிப் பிடித்தார். புகையில் கண் எரிந்து தண்ணீர் ஓடியது. பிறகு தேங்காயெண்ணெயில் கரியைக் குழைத்து, விளிம்பைச் சுற்றி ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து அடைத்து, அதற்கு மேலும் கரி பூசினார். 'ண'வின் மூன்றாம் சுழி மறைகிற வரைக்கும் விடவில்லை. அக்கா சொன்ன வேலை அது. செய்து முடிக்க ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது.

சட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கைகழுவிவிட்டு அட்டை எடுத்தார். வாழ்நாளில் எத்தனையோ பேரின் பெயரை எழுதியவர், தான் செய்த வேலை ஒன்றிலும் தன் பெயரை வைத்ததில்லை. அன்றைக்கு வைத்தார். நிதானமாக, கறுப்பு மையில், அரை அங்குல எழுத்தில் எழுதினார்:

'இந்தச் சட்டியில் கிண்டிய அதே வகை மருந்தால் மாக்கிறேற் என்ற மீன்காரி ஒரு வருஷம் நோவில்லாமல் நித்திரை கொண்டாள். இதை மினுக்கியவன் ச. பஸ்ரியாம்பிள்ளை. அதற்குப் பிறகு அவள் நித்திரை கொள்ளவில்லை.'

ஆழ்வாப்பிள்ளை மாஸ்ரர் வந்து கரிச்சட்டியைப் பார்த்தார். அட்டையை வாசித்தார், இரண்டாம்தரமும் வாசித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சால்வையில் கனநேரம் துடைத்தார். பிறகு, எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை, அப்படியே இருக்கட்டும் என்று சொன்னார்.